ரெண்டு பேர் சொன்னால்தான்

"இவர் பேரு இதுல இல்லையே?"

"எதுல மேடம்?"

"பொழைச்சவங்க பட்டியல்ல. மொத்தம் முப்பத்தோரு பேர். மேலயிருந்து கீழ ஒரு தடவை, கீழயிருந்து மேல ஒரு தடவை பார்த்துட்டேன். உன் மீட்டர்காரர் எங்கேயும் இல்லை."

புதுசு எட்டி, தானும் ஒரு தடவை பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்று வயசுக்காரியைப் 'புதுசு' என்று கூப்பிடுவது அந்த அலுவலகத்தில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. நிஜமாக நடந்த சம்பவங்களைத் தொலைக்காட்சிக்குப் படமாக எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. இவளோ பதினாறு வருடம் தொலைபேசி விசாரணைப் பிரிவில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது யார் நம்பர் கேட்கிறார்கள்? பிரிவையே மூடிவிட்டார்கள். குரல் இதமாக இருக்கிறது, போனில் பேசினால் எதிராளி மனசைத் திறந்துவிடுகிறார் என்று, தகவல் திரட்டும் வேலைக்கு மூன்று மாதப் பயிற்சியில் இங்கே சேர்த்துக்கொண்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமையோடு பயிற்சி முடிகிறது. கூடச் சேர்ந்த ஒருவன், ஒரே ஒரு வருஷத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மாதமே வீட்டுக்குப் போய்விட்டான்.

பயிற்சி கொடுப்பவள் ரெண்டம்மா. அது அவள் காதில் விழாமல் மற்றவர்கள் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு சோர்ஸ் எங்கே?" என்பாள். ஒருத்தர் சொன்னால் அது கதை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் சொன்னால்தான் அது தகவல். காபி ஆறிவிட்டது என்று சொன்னால்கூட அந்த விரல்கள் எழும்பும்.

அந்த வியாதி புதுசுக்கும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

"பால் பொங்கிடுச்சு!" என்று சமையலறையிலிருந்து கணவர் கத்தினால், "வேற யாராவது பார்த்தாங்களா?" என்பாள்.

"அடுப்பு பார்த்துச்சு. வேணும்னா அதைக் கேட்டுக்கோ."

இப்போது எடுக்கப்போகிற படம், முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஆற்றில் கவிழ்ந்த பயணிகள் படகைப் பற்றியது. 'அந்தப் படகில் இருந்தவர்கள் தொடர்புகொள்ளவும்' என்று பத்திரிகையில் சின்னதாக ஓர் அறிவிப்புக் கொடுத்தாள் புதுசு. மூன்று நாள் போன் ஊமையாகக் கிடந்தது. நாலாவது நாள் கூப்பிட்டவர்தான் மீட்டர்காரர். வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது.

"நான் இருந்தேம்மா அந்தப் படகுல," என்றார். "என் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு. ஏழு வயசு. ரெட்டை ஜடை, ஒண்ணு மேல ஏறி, ஒண்ணு கீழ இறங்கி இருக்கும். செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்துச்சு. தண்ணி உள்ள வந்ததும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். பயப்படாதே, நான் இருக்கேன்னேன். கடைசி வரைக்கும் விடலை. தண்ணிதாம்மா இழுத்துக்கிட்டுப் போச்சு. நான் விடலை."

புதுசு போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். பதிவைக் கேட்ட டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இவர்தான் படம். வியாழக்கிழமை இவர் வீட்டுல கேமரா," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, படம் மீட்டர்காரர் தலையில் நின்றது. புதுசின் வேலை படத்தின் தலையில் நின்றது.

"படகுலயே இல்லாத ஆளை நடுவுல உக்கார வச்சுப் படம் எடுத்தா, நாளைக்கு ஊரே கைகொட்டிச் சிரிக்கும்," என்றாள் ரெண்டம்மா. "அவர் இருந்தார்னு நிரூபி. இல்லேன்னா படமும் இல்லை, நீயும் இல்லை."

கோப்பை வாங்கிப் புரட்டினாள் புதுசு. "பின்னால இன்னொரு தாள் இருக்கே மேடம்?"

"அது செத்தவங்க பட்டியல். அவங்களா வந்து பேட்டி கொடுக்கப்போறாங்க? பொழைச்சவங்களைத் தேடுற வழியைப் பாரு."

நியாயமாகத்தான் பட்டது. புதுசு அந்தத் தாளைத் திருப்பவே இல்லை.

மீட்டர்காரருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, பொழைச்சவங்க பட்டியல்ல உங்க பேரு இல்லையே?"

"எழுதினவன் என்னைக் கேக்கலையேம்மா."

"கரையேறின எல்லாரையும் நிக்கவச்சு எழுதினாங்களாம்."

"நான் நிக்கலை. ஈரத்தோட நடந்து வீட்டுக்கு வந்துட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "ரிப்பன் பச்சைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன், சொன்னேன். என் வீட்டுக்காரிம்மா," என்றார் மீட்டர்காரர்.

இந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ரெண்டம்மா மசிவாளா? "ஈரத்தோட நடந்து போனதை யார் பார்த்தா? நேர்ல போ. படகுல இருந்தவனுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமா பத்து கேள்வி கேளு," என்றாள். பத்துக் கேள்விகளையும் அவளே எழுதிக் கொடுத்தாள். விடைகள் பழைய துறைமுகப் பதிவேட்டில் இருந்தன.

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. கதவைத் திறந்தவர் வணக்கம் சொல்வதற்கு முன்னால் அவள் குடியிருக்கும் தெருவின் பெயரைக் கேட்டார்.

"கடைசி வீடா? பச்சைக் கேட்டா? உங்க மீட்டர் நம்பர் நாலுல ஆரம்பிக்கும். உள்ள ஒரு பல்லி குடியிருந்துச்சு."

இத்தனை ஞாபகசக்தி இருக்கிறவருக்குப் பத்துக் கேள்வி எம்மாத்திரம் என்று புதுசுக்குத் தெம்பு வந்தது. நோட்டை விரித்தாள். "ஒண்ணுமில்லைங்க ஐயா, எங்க ஆபீஸ் வழக்கம். ஒருத்தர் சொன்னா அது கதை, ரெண்டு பேர் சொன்னாத்தான் நிஜம்."

"நல்ல வழக்கம்தான்," என்றார் மீட்டர்காரர்.

"படகுக்கு எத்தனை மாடி?"

"ரெண்டு."

பதிவேட்டின்படி ஒன்று.

"ஏறுற படி முன்பக்கமா, பின்பக்கமா?"

"நடுவுல."

பின்பக்கம்.

"என்ன நிறம்?"

"நீலம்னு வச்சுக்கோயேன்."

"வச்சுக்கறதுக்கு இல்லைங்க ஐயா!"

படகு சிவப்பு. பத்துக் கேள்வியில் ஒன்பது தப்பு. ஜன்னல் உண்டா என்ற ஒன்றுதான் தேறியது. "ஜன்னல் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ஜன்னல் இல்லேன்னா அவளுக்கு ஆகாது," என்றார். 'ஜன்னல்: உண்டு' என்று எழுதிக்கொண்டாள் புதுசு. கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பெண்ணின் சட்டையில் ஐந்து பட்டன், நாலாவது மட்டும் வேறு நிறம்.

"மீட்டர்ல இருந்த பல்லி வரைக்கும் ஞாபகம் இருக்கு. படகுக்கு எத்தனை மாடின்னு ஞாபகம் இல்லையா ஐயா?"

"மீட்டரை மாசாமாசம் பார்த்தேனேம்மா." அவள் நோட்டை எட்டிப் பார்த்து, "எல்லாம் தப்பாம்மா?" என்றார். பரீட்சையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கிற பையன் முகம்.

அந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டதுதான் புதுசு செய்த தப்பு. பையிலிருந்து படகின் பழைய போட்டோவை எடுத்து நீட்டிவிட்டாள். "பார்த்தா தானா ஞாபகம் வந்துடும்."

மீட்டர்காரர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மீட்டரைப் படிக்கிற மாதிரி போட்டோவைப் படித்தார். அவர் மனைவியும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்று பார்த்தார். அந்த அம்மாள் மாடியையும் பார்க்கவில்லை, படியையும் பார்க்கவில்லை. ஜன்னல்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் ரெண்டம்மாவே போன் போட்டாள், எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில். மீட்டர்காரர் பட்டையைக் கிளப்பினார்.

"ஒரே மாடி. படி பின்பக்கம். பக்கத்துக்குப் பதினாலு ஜன்னல். புகைபோக்கி ஒண்ணு."

புதுசு பெருமையோடு எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

"நிறம்?"

"சாம்பல்."

"சாம்பலா?"

"சில இடத்துல கறுப்பு. அப்புறம், புகைபோக்கியில ஆரம்பிச்சு அடிமட்டம் வரைக்கும் குறுக்கால ஒரு வெள்ளைக் கோடு."

ரெண்டம்மா போனை வைத்தாள். கோப்பிலிருந்து அதே போட்டோவை உருவி மேஜையில் போட்டாள். கறுப்பு வெள்ளைப் போட்டோ. யாரோ எப்போதோ இரண்டாக மடித்து வைத்ததில், புகைபோக்கியிலிருந்து அடிமட்டம் வரைக்கும் வெள்ளையாக ஒரு மடிப்பு.

"மடிப்போட படகு ஓடிச்சாம்," என்றாள். "போட்டோவைக் காட்டினியா?"

"...காட்டினேன் மேடம்."

"ஒரு சாட்சியைக் கெடுக்கறதுக்கு நாலு வழி இருக்கு. நீ அஞ்சாவதைக் கண்டுபிடிச்சிருக்கே."

புதுசு விடவில்லை. மாலையில் திரும்பவும் போன் போட்டாள். முழுக் கதையையும் கேட்கக்கூடாது, கேமராவுக்கு முன்னால் சொல்ல மிச்சம் இருக்க வேண்டும் என்பது பயிற்சியில் மூன்றாவது பாடம். அதனால் நறுக்கென்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, அந்த ஊக்கு எந்தக் கால் செருப்புல?"

"வலது."

"இடது!" என்றது பின்னாலிருந்து அந்தக் குரல். "எத்தனை தடவை சொல்றது? இடது கால்."

"ஆமாம்மா, இடது," என்றார் மீட்டர்காரர் அடக்கமாக.

புதுசு காலையில் துள்ளிக்கொண்டு போனாள். "மேடம், ரெண்டாவது சோர்ஸ்! அவர் மனைவி!"

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே சோர்ஸ். அவர் சொன்னதைத்தானே அந்தம்மா திருப்பிச் சொல்லுவாங்க?"

"இல்லையே மேடம். அவர் வலதுன்னார், அவங்க இடதுன்னாங்க."

"பார்த்தியா? நேர்ல பார்த்தவரைவிடக் கேள்விப்பட்டவங்களுக்கு ஜாஸ்தி தெரிஞ்சா, அதுக்குப் பேரு கதை ஜோடிக்கிறது. ரெண்டு பேருமா உக்காந்து கட்டியிருக்காங்க. டிவியில மூஞ்சி தெரியணும்னு ஆசை. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

மிச்சம் இருந்தது ஒரே வழி. முப்பத்தோரு பேரில் யாரையாவது பிடிப்பது. பழைய தொழில் கைகொடுத்தது. நம்பர் தேடுவதில் புதுசை மிஞ்ச ஆள் கிடையாது. எட்டு வீட்டில், அவர் காலமாகிவிட்டார் என்றார்கள். ஒன்பதாவதாக ஒரு பேக்கரிக்காரர் கிடைத்தார். அதற்குள் புதன்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

"சின்னப் பொண்ணா? ரெட்டை ஜடையா?" என்று திருப்பிக் கேட்டார் பேக்கரிக்காரர். "இருந்துச்சும்மா. ஜன்னல்கிட்ட. ஒரு செருப்பைக் கழட்டி மடியில வச்சிருந்துச்சு. ஏம்மான்னு கேட்டேன். ஊக்கு குத்துதுன்னுச்சு."

புதுசு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். ஊக்கு! மீட்டர்காரரை முன்னே பின்னே தெரியாத ஒரு மனிதர் வாயிலிருந்து அதே ஊக்கு! "கூட ஒருத்தர் இருந்தாரே, பக்கத்துல, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு?"

"கூட யாரும் இல்லையேம்மா. தனியாவா போறேன்னு கேட்டேன். பெரியம்மா அந்தக் கரையில நிப்பாங்கன்னு சொல்லுச்சு. நான் அப்புறம் பின்னால போய் நின்னுக்கிட்டேன். அதனாலதான் பொழைச்சேன்."

"பக்கத்து சீட்டுல?"

"காலி. இன்னிக்கும் கண்ணு முன்னால நிக்குதும்மா. அவ பக்கத்து சீட்டு காலி."

பேக்கரிக்காரர் சொன்னதைப் புதுசு எழுதிக் கொடுத்த தாளை ரெண்டம்மா இரண்டு தடவை படித்தாள். விரல்கள் எழும்பவில்லை.

"பொண்ணு நிஜம். ஆளு பொய்," என்றாள். "பாவம், எங்கேயோ கேள்விப்பட்ட செத்துப்போன குழந்தையை வச்சுக் கதை பண்ணியிருக்கார். நாளைக்குக் கேமரா வேண்டாம்னு டைரக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். அவர்கிட்ட நீ போய்ச் சொல்லு. போன்ல வேண்டாம், நேர்ல. அவமானப்படுத்தாதே. இதுவும் பயிற்சிதான்."

பஸ்ஸில் போகும்போது புதுசுக்கு ஆத்திரம் பொங்கியது. மூன்று மாத உழைப்பு. போனில் அவருக்காகச் சிந்திய கண்ணீர் வேறு. 'உங்க வயசுக்கு இது அழகா ஐயா?' என்று ஆரம்பிப்பதா, 'ஒரு குழந்தை விஷயத்துல விளையாடலாமா?' என்று ஆரம்பிப்பதா என்று இரண்டையும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தார் மீட்டர்காரர். இஸ்திரி போட்ட சட்டை. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். ஷூ பளபளத்தது.

"கேமரா நாளைக்குத்தானேங்க ஐயா?"

"இன்னிக்கு ஒத்திகை. நீயே வந்துட்டே, நல்லதாப் போச்சு. கையை எப்படி வச்சுக்கறதுன்னுதான் ஒரே குழப்பம். இப்படி வச்சா தெரியுமா?"

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை லேசாக மடக்கி நின்றார். சரியாக ஏழு வயசுக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில்.

தயார் செய்துகொண்டு வந்த இரண்டு வாக்கியமும் புதுசுக்கு மறந்துபோயின.

"ஐயா, உக்காருங்க. அந்தப் படகுல இருந்த இன்னொருத்தர் கிடைச்சுட்டார்."

அவர் உட்காரவில்லை. கை மட்டும் இறங்கியது. "அந்தப் பொண்ணைப் பார்த்திருக்காரா?"

"பார்த்திருக்கார். பேசியும் இருக்கார்."

"பேசினாளா? என்ன பேசினா?"

"பெரியம்மா அந்தக் கரையில நிப்பாங்கன்னு சொன்னாளாம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"வேற? வேற என்ன சொன்னா?"

"வேற..." ஊக்கு குத்துகிறது என்று சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள், ஏனோ அது வரவில்லை. வந்த காரியத்தை முடித்துவிடலாம் என்று ஒரே மூச்சில் சொன்னாள்: "ஐயா, அவ பக்கத்துல யாரும் இல்லையாம். தனியாத்தான் உக்காந்திருந்தாளாம்."

"தனியாவா?"

"ஆமாங்க."

மீட்டர்காரர் ஜன்னலைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, திடீரென்று ஏதோ நினைவு வந்தவராக, "எத்தனை பேர் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"என்னங்க ஐயா?"

"தனியா இருந்தான்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

"ஒருத்தர்தான்."

"ஒருத்தர்தானா!" பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "நீதானேம்மா அன்னிக்குச் சொன்னே? ஒருத்தர் சொன்னா அது கதை, ரெண்டு பேர் சொன்னாத்தான் நிஜம்னு?"

"...ஆமாங்க."

"அப்போ நிச்சயமில்லை."

மூன்று மாதப் பயிற்சியும் புதுசை வேறு பதில் சொல்லச் சொன்னது. அந்த மனிதர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமில்லைங்க ஐயா," என்றாள்.

"அதானே பார்த்தேன். இரு, ஷூவுக்கு இன்னொரு கை பாலிஷ் போட்டுட்டு வந்துடறேன். வெளிச்சத்துல தூசி தெரியும்." பிரஷை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

புதுசு சமையலறை வாசலில் போய் நின்றாள். அந்த அம்மாள், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஐயா அந்தப் படகுல போகவே இல்லைதானே?"

"போகவேண்டியவர்தான். அன்னிக்குன்னு பார்த்துக் காய்ச்சல். கட்டிலைவிட்டு எழுந்திரிக்க முடியலை."

"நீங்க போனீங்களா?"

"இல்லைம்மா."

பால்கனியில் பிரஷ் தேய்க்கும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கோபமா, வருத்தமா என்று புதுசுக்கே பிடிபடவில்லை. பழக்கதோஷம், கேள்விதான் வந்தது.

"அவரும் போகலை, நீங்களும் போகலை. அப்புறம் அந்த ஊக்கு இடது கால்லன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?"

அந்த அம்மாள் குழாயை மூடினார்.

"அவளைப் படகு ஏத்தி விடறப்போ, குனிஞ்சு அந்த ஊக்கைக் குத்திவிட்டதே நான்தானேம்மா."